கழுகுக்கு வயது நாற்பது

பொதுத்தேர்வு முடிந்து பிள்ளைகள் மூச்சு விடுவதற்குள் தெருமுனையில் பயிற்சி முகாம் ஃப்ளெக்ஸ் ஏறிவிடுகிறது. இரண்டே நாளில் தன்னம்பிக்கை, நற்பண்பு, ஆளுமை. வயது 13 முதல் 19 வரை. மதிய உணவு உண்டு. இந்த வாரம் எங்கள் தெருவில் கட்டியிருப்பது தெருவிளக்கை மறைத்துக்கொண்டு தொங்குகிறது. கோட்டுப் போட்ட ஒருவர் அதில் கையைக் கட்டிக்கொண்டு, இருட்டில் தடுமாறிப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டு நாளில் இட்லி மாவு புளிக்கும், ஒப்புக்கொள்கிறேன். பண்பும் புளிக்குமா? தன்னம்பிக்கை உண்மையில் எப்படி வருகிறது என்பதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் இந்த முகாம்களில் சொல்லும் கழுகு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம்.

உங்களுக்குத் தெரிந்த கழுகுதான். எழுபது வருடம் வாழுமாம். நாற்பதாவது வயதில் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறக்கை கனத்துப்போகுமாம். உடனே மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளும்; புது அலகு முளைத்ததும் அதைக் கொண்டு நகங்களைப் பிடுங்கும்; புது நகம் முளைத்ததும் இறகுகளைப் பிடுங்கும்; நூற்றைம்பது நாள் கழித்துப் பறக்கும், மேற்கொண்டு முப்பது வருடம் வாழும். இந்த இடத்தில் பின்னணி இசை வரும். பிள்ளைகள் கைதட்ட வேண்டும். தட்டினாலும், "சத்தம் பத்தலையே!" என்பார் பேச்சாளர். இதில் ஒரு வரிகூட நிஜமில்லை. காட்டில் முப்பதைத் தாண்டும் கழுகே அபூர்வம். அலகும் நகமும் நம் விரல் நகம்போல வளர்ந்துகொண்டே இருக்கும், புழங்கப் புழங்கத் தேயும். இறகுகள் சிறிது சிறிதாகத் தாமே உதிர்ந்து முளைக்கும். அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினி கிடந்து சாகும், அவ்வளவுதான். அந்த நூற்றைம்பது நாளும் சாப்பாட்டுக்கு என்ன செய்தது என்று எந்தப் பையனும் கேட்பதில்லை. கேட்கிற பையனுக்கு 'நெகட்டிவ் திங்கிங்' என்று பெயர். சரி, நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக் கழுகின் கஷ்டம் பதினாலு வயதுப் பையனுக்கு எதற்கு? அவனுக்கு மீசையே இன்னும் ஒழுங்காக அரும்பவில்லை, அதற்குள் பழைய இறகைப் பிடுங்கு என்றால் எதைப் பிடுங்குவான்? மழுங்கிய நகம், கனத்த இறக்கை எல்லாம் பின்வரிசையில் வீட்டுக்கடன் தவணையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவன் அப்பாவின் சங்கதி. அவரை எந்த முகாமும் மலைக்கு அனுப்புவதில்லை. அனுப்பினாலும் ஐந்து மாதம் லீவு யார் கொடுப்பார்கள்? கழுகுக்குச் சம்பளப் பிடித்தம் கிடையாது.

கதை பொய்யாகவே இருக்கட்டும், நல்லதுக்குத்தானே என்பார்கள். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யோடு சேர்த்தி என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார் என்று துணைக்கும் அழைப்பார்கள். இடம் கொடுத்தவர் நிபந்தனையும் போட்டிருக்கிறார்: நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். காலை பத்து மணிக்குக் கழுகைச் சொல்லிவிட்டு, பதினொன்றரைக்கு வாய்மையைப் பற்றி வகுப்பு எடுப்பது அதில் சேருமா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சரி, கதையை விடுங்கள். 'நான் சிறந்தவன்' என்று ஒரு பிள்ளையை நினைக்க வைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்ற அடிப்படை நம்பிக்கையாவது சரியா? இதை ஓர் அரசாங்கமே சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், ஜான் வாஸ்கன்செலஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் பிடிவாதத்தால், சுயமதிப்பை வளர்க்க 1986-இல் ஒரு பணிக்குழுவே அமைத்தது. சுயமதிப்பு கூடினால் குற்றமும் போதையும் குறையும், அரசின் வரவுசெலவுக் கணக்குக்கூட நேராகிவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. 1990-இல் அறிக்கை வந்தது, கணக்கு நேராகவில்லை. 2003-இல் ராய் பாமைஸ்டரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, சுயமதிப்பை ஏற்றிவிடுவதால் மதிப்பெண் ஏறுவதாகத் தெரியவில்லை என்றார்கள். நன்றாகப் படிப்பதால் சுயமதிப்பு ஓரளவு வருவது உண்டு. வண்டியைக் கட்டி முடித்து, மாட்டைப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம். பண்பு விஷயம் இன்னும் மோசம். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'நீ கெட்டிக்காரன்' என்று புகழ்ந்தார்கள். சிலரை 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்று புகழ்ந்தார்கள். பிறகு எல்லோருக்கும் கஷ்டமான புதிர்களைக் கொடுத்தார்கள். முகம் தெரியாத வேறு பிள்ளைகளுக்கு அதில் வாங்கிய மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, கெட்டிக்காரர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்பாளிகளில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. தன்னம்பிக்கையையும் நற்பண்பையும் ஒரே ஃப்ளெக்ஸில் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம்.

ஊக்கமான ஒரு வார்த்தை யாருக்குமே உதவாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உதவும். நம்மால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் ஆல்பர்ட் பந்துரா வரிசைப்படுத்தியபோது, பிறர் சொல்லும் சொல்லையும் அதில் சேர்த்துக்கொண்டார். ஆனால் தானே செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் முதல் இடம். அந்த அனுபவத்தை ஏசி மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கொடுக்க முடியாது. கோட்டும் தேவைப்படாது, ஆகவே கட்டணமும் வாங்க முடியாது. முகாம் நடத்துகிறவர்களின் மனக்கஷ்டம் புரிகிறது.

வழியைச் சொல்வதாக ஆரம்பத்தில் வாக்குக் கொடுத்தேன். பக்கத்தில் பாதியைக் கழுகு தின்றுவிட்டதால் இப்போது இடமில்லை. ஒன்று மட்டும்: வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் அடுத்த தடவை வங்கிக்கு அதையே அனுப்புங்கள். கூடப் போகாதீர்கள், போனில் வழி சொல்லாதீர்கள். சலானைத் தப்பாக நிரப்பினால் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். சலானுக்குக் காசு கிடையாது.