உங்கள் எம்.பி. அவையில் என்ன கேட்டார்?

கேள்வி: எங்கள் எம்.பி. கல்யாணம், காதுகுத்து, துஷ்டி வீடு எதையும் விடுவதில்லை. ஆனால் ஊர் ஜி.எச்.சில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை. இவரை எப்படி எடைபோடுவது?
(மளிகைக் கடைக்காரர், திருமங்கலம்)

பதில்: துக்கத்துக்கு வருகிறவர் நல்ல மனிதர். நல்ல எம்.பி.யா என்று தெரிய அவைக் குறிப்பைப் புரட்ட வேண்டும். கூட்டத்தொடர் நடக்கும்போது மக்களவை உறுப்பினர் ஒரு நாளைக்கு 5 கேள்விகள் வரை நோட்டீஸ் கொடுக்கலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் அவர் பெயரைத் தேடினால், எந்தத் தேதியில் எந்தத் துறையிடம் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் கிடைக்கும். அதில் சுகாதாரத் துறை எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்கேன் எடுக்கும் ஊழியரை நியமிப்பது மாநில அரசு. அதற்கு எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். ஆனால் தேசிய சுகாதார இயக்கத்தின் பணம் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற கணக்கில் வருகிறது. அந்த 60 முழுசாக வந்ததா, எந்த மாதம் வந்தது என்று டெல்லியில் கேட்க வேண்டியவர் உங்கள் எம்.பி.தான்.

கேள்வி: நட்சத்திரக் கேள்விக்கு அப்படி என்ன மவுசு?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகை 20, இரண்டாம் வகை 230. யாருடைய கேள்வி இடம்பிடிக்கும் என்பது குலுக்கலில் முடிவாகும்.

மவுசு துணைக் கேள்வியால் வந்தது. முதல் பதிலை அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்டவர் மறுபடி எழுந்து, “காலியிடம் இத்தனை என்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் நிரப்புவீர்கள்?” என்று மடக்கினால், அமைச்சருக்குத் துறை தெரியுமா தெரியாதா என்பது அங்கேயே வெளிச்சமாகிவிடும். விஷயம் தெரிந்த உறுப்பினர்கள் கண்விழித்துத் தயாராவது இந்தத் துணைக் கேள்விக்குத்தான்.

கேள்வி: எதைக் கேட்டாலும் ‘சுகாதாரம் மாநிலப் பொருள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்களே?
(ஓய்வுபெற்ற செவிலியர், உசிலம்பட்டி)

பதில்: அந்த வரி பொய்யில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6ஆவது பதிவிலேயே பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆனால் பொதுப்பட்டியலில் மருந்துகள் இருக்கின்றன, மருத்துவக் கல்வி இருக்கிறது, மாநிலம் விட்டு மாநிலம் தொற்றும் நோயைத் தடுக்கும் பொறுப்பும் இருக்கிறது. கேள்வியை எழுதும்போதே அந்தப் பக்கமாக நிறுத்தி எழுதிவிட்டால் அமைச்சர் நழுவுவது கஷ்டம்.

2021 ஜூலை 20 அன்று நடந்ததைச் சொல்கிறேன். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கிடைக்காமல் இறந்தவர்களைப் பற்றி மாநிலங்களவையில் கேள்வி வந்தது. சுகாதாரம் மாநிலப் பொருள், மாநிலங்கள்தான் இறப்புக் கணக்கை அனுப்புகின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சிலிண்டருக்கு வரிசை நின்ற ஜனங்களுக்கு அதுதான் பதில். இன்றும் அதைப் படிக்கும்போது மனசு ஆறவில்லை. ஆனாலும் ஒருவர் கேட்டதால்தான் அது ஏட்டில் ஏறியது. அப்படிச் சொல்லவே இல்லை என்று இனி யாரும் சாதிக்க முடியாது.

கேள்வி: நிலைக்குழு அறிக்கைகளை யார் படிக்கிறார்கள்? அதனால் பிரயோஜனம் உண்டா?
(மருந்துக் கடை நடத்துபவர், கும்பகோணம்)

பதில்: மருந்துக் கடை வைத்திருக்கும் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும், குறிப்பாக 2012 மே மாதம் வந்த அறிக்கையை. சுகாதார நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டம் நடக்கும் அறைக்குள் டி.வி. கேமரா போகாது. அதனாலேயே எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்க முடிகிறது.

அந்தக் குழு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் கோப்புகளை வரவழைத்தது. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரையில் 30க்கும் மேற்பட்ட புது மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் பரிசோதனை நடத்தாமலே அனுமதி பெற்றிருந்தன. அதைவிட மோசம், அந்தக் கோப்புகளில் கிடந்த கடிதங்கள். புது மருந்துக்கு அனுமதி தரலாம் என்று நிபுணர்கள் எழுதிய சிபாரிசுகள் அவை. ஒன்றை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு மருத்துவமனை, வேறு வேறு கையெழுத்து. உள்ளே இருந்த வாசகம் மட்டும் வரிக்கு வரி ஒன்று. எழுதிக் கொடுத்தது கம்பெனி, டாக்டர் போட்டது கையெழுத்து மட்டும்தான் என்ற முடிவுக்குக் குழு வந்தது. வெளிப்படையாக அறிக்கையிலும் எழுதியது. எந்தப் போராட்டமும் கண்டுபிடித்திருக்க முடியாத சங்கதி இது. கோப்பைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இருந்ததால், வாங்கிய கோப்பைப் பொறுமையாகப் படிக்கவும் செய்ததால் வெளியே வந்தது.

இதே குழு 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சிலை உரித்துக் காட்டியது. அந்தக் கவுன்சில் போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வருவதற்கான சட்டம் 2019இல் நிறைவேறியது. 2020 நவம்பரில் கொரோனா பற்றிக் கொடுத்த அறிக்கையில், ஆக்சிஜன் உற்பத்தியைக் கூட்டுங்கள், மருத்துவமனைகளுக்குத் தட்டில்லாமல் கிடைக்கச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. ஐந்து மாதம் கழித்து ஏப்ரலில் என்ன நடந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

கேள்வி: அப்படியானால் குழு சொல்வதை அரசு கேட்டாக வேண்டாமா?
(அதே கும்பகோணம்)

பதில்: கேட்டாக வேண்டும் என்று விதி இல்லை. ஏற்றோமா, மறுத்தோமா, ஏன் என்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது மாதத்தில் யாராவது எழுந்து கேட்டால் அறிக்கைக்கு உயிர் உண்டு.

கேள்வி: ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அமைச்சர் சொன்னால் ‘இல்லை’ என்றுதானே அர்த்தம்?
(ஆட்டோ ஓட்டுநர், ஈரோடு)

பதில்: அப்படிக் கைகழுவி விடாதீர்கள். அவையில் அமைச்சர் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்பதும் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அல்லது அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. நம் சட்டமன்றத்திலும் உண்டு. அந்தக் குழு மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி ஆஸ்பத்திரிக் கட்டடங்களைப் பார்க்க வரும். உங்கள் ஊருக்கு வரும்போது மனுவோடு போய் நில்லுங்கள்.

கேள்வி: மதுரை எய்ம்ஸ் பற்றி இன்னும் எத்தனை தடவைதான் கேட்பார்கள்? சலித்துவிட்டது.
(பேராசிரியர், மதுரை)

பதில்: கடைசிப் படுக்கை போடும் வரை கேட்க வேண்டும். தோப்பூரில் 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நட்டார்கள். மதிப்பீடு 1,264 கோடியிலிருந்து 1,977.8 கோடி ரூபாயாக ஏறியது. பெரும்பகுதி ஜப்பான் கடன். 2022இல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது தோப்பூரில் கட்டடம் இல்லாமல் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தார்கள். இவ்வளவும் நமக்குத் தெரிவது எப்படி? உறுப்பினர்கள் அவையில் கேட்டார்கள், சாதாரண ஜனங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். கேட்கிறவர் சலித்துக்கொள்ளாதபோது நாம் சலித்துக்கொள்வது நியாயமில்லை.

கேள்வி: தொகுதி மேம்பாட்டு நிதி 5 கோடியில் ஒரு டாக்டரைப் போடக் கூடாதா?
(இல்லத்தரசி, அரூர்)

பதில்: முடியாது. அந்த நிதியில் கட்டடம் கட்டலாம், கருவி வாங்கலாம், ஆம்புலன்ஸ் வாங்கலாம். சம்பளம் தர முடியாது, டீசல் போட முடியாது. கல்வெட்டில் எம்.பி. பெயரோடு கட்டடம் பளபளவென்று நிற்க, கதவில் பூட்டுத் தொங்குவது இதனால்தான். ஆகவே கட்டடம் கேட்டுப் போகும்போது, டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் பணியிடங்களுக்கான அரசாணையையும் சேர்த்துக் கேளுங்கள். ஆணை வராத கட்டடம் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டாலும் நான் ஆதரிப்பேன்.

கேள்வி: சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தை அவையில் விவாதித்துத்தானே நிறைவேற்றுகிறார்கள்?
(வங்கி ஊழியர், வேலூர்)

பதில்: பல வருஷம் இல்லை. சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும், கொள்கை விளக்கக் குறிப்பு வரும், அமைச்சர் பதிலுரை தருவார். மக்களவையில் ஒருசில துறைகளை மட்டும் எடுத்துப் பேசிவிட்டு, மீதியைக் ‘கில்லட்டின்’ முறையில் மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். 2018இலும் 2023இலும் ஒரு துறைக்குக்கூட விவாதம் இல்லாமல் பட்ஜெட் முழுவதும் நிறைவேறியது. அரசின் சுகாதாரச் செலவு 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆகும் என்று 2017 கொள்கையில் எழுதிவைத்தவர்கள், அதைப் பற்றி அவையில் மணிக்கணக்கில் பேசியிருக்க வேண்டும். அமளி செய்தவர்களும், அமளியைச் சாக்காக வைத்து நிறைவேற்றியவர்களும் இதற்குப் பொறுப்பு.

கேள்வி: பீடித் தொழிலதிபரான எம்.பி. புகையிலை பற்றிய குழுவில் உட்காரலாமா?
(பல் மருத்துவர், திருநெல்வேலி)

பதில்: கூடாது. உட்கார்ந்தார். சிகரெட், பீடி பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடும் விதியை மக்களவைக் குழு ஒன்று 2015இல் ஆராய்ந்தபோது நடந்தது இது. விதி ஒரு வருஷம் தள்ளிப்போனது. பாதி இடம் போதும் என்று குழு பரிந்துரைத்தது. நல்லவேளையாக எதிர்ப்பு பலத்தது, 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீதமே அமலுக்கு வந்தது.

கேள்வி: எதிர்க்கட்சி எம்.பி. சட்டம் கொண்டுவர முடியுமா?
(சட்ட மாணவர், திருச்சி)

பதில்: உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கியவரே கொண்டுவந்தார். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்கான திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அது அப்படியே சட்டமாகவில்லை. அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அதில் குறைகள் உண்டு. ஆனாலும் அரசு மருத்துவமனையில் அவர்களுக்கான சிகிச்சை பற்றிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு தனி உறுப்பினர் தள்ளிய தள்ளில் அரசு நகர்ந்தது.

கேள்வி: சுகாதாரம் பற்றிப் பேச எம்.பி. டாக்டராக இருக்க வேண்டுமா?
(பள்ளி ஆசிரியை, காரைக்குடி)

பதில்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி டாக்டர்தான். 1927இல் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனவர், துணைத் தலைவரானவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவர் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. பிரிட்டனின் அனைரின் பெவனோ பதிமூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று நாட்டு மக்கள் எல்லோருக்கும் இலவச மருத்துவத்தைத் தொடங்கிவைத்தார். மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் வைப்பது என்று அவருடைய அரசே முடிவெடுத்ததும் 1951இல் பதவியைத் தூக்கிப்போட்டார். இருவருக்கும் நோயாளியின் வீடு தெரிந்திருந்தது.

கேள்வி: எல்லாம் சரி, ஓட்டுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நான் என்ன செய்ய?
(கைத்தறி நெசவாளர், பரமக்குடி)

பதில்: ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், எந்தப் பணியிடம் காலி, எந்த மாதத்திலிருந்து, எந்த மருந்து வெளியே வாங்கச் சொல்கிறார்கள் என்பவை மட்டும் போதும். கோபத்தை எழுத வேண்டாம், தேதியை எழுதுங்கள். மத்திய நிதி சம்பந்தப்பட்டதை எம்.பி.க்கும், மற்றதை எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு போகும் கடிதம் பெரும்பாலும் வீண். மழைக்காலத் தொடர் வழக்கமாக ஜூலையில் கூடும். உங்கள் கடிதம் ஜூன் மாதமே அவர் கையில் இருக்கட்டும்.