தோசைக்கல் தீட்சை

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் இன்றைக்கு ஓர் இரும்புச்சட்டிக்காரர் கிடைப்பார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கம்பெனியில் நாலு பேரை மேய்க்கிற உத்தியோகம். போன வருஷம் வரைக்கும் இவர் சமையலறைக்குள் போனதெல்லாம் குளிர்ந்த தண்ணீர் எடுக்கத்தான். இப்போது லிஃப்டில் ஓர் ஆள் மாட்டினால் போதும், தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி என்று தொடங்கிவிடுவார். நாலாவது மாடிக்காரர் ஒருவர் மரியாதைக்காக எட்டாவது மாடி வரைக்கும் போய்த் திரும்பியதாகக் கேள்வி.

இந்த ஞானம் பெரும்பாலும் குடும்ப வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் வந்து சேரும். ‘நான்ஸ்டிக்கில் சமைக்கிறீர்களா? உடனே நிறுத்துங்கள்’ என்று யாரோ ஓர் ஒன்றுவிட்ட மைத்துனர் அனுப்பிய வீடியோ. அன்று ராத்திரியே வீட்டிலிருக்கிற தவாக்களெல்லாம் பால்கனிக்கு நாடு கடத்தப்படும். தீபாவளிச் சீட்டுப் பணத்தில் மனைவி வாங்கியது துளசித் தொட்டிக்கு அடித்தட்டாகும்.

இரும்புச்சட்டிக்காரர் பொய் சொல்கிறவர் இல்லை, பாதி உண்மையில் நிறுத்திக்கொள்கிறவர். டெஃப்லான் 1938-ல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் கையில் தற்செயலாக அகப்பட்டது, குளிர்பதன வாயுவைத் தேடப் போன இடத்தில். எதிலும் ஒட்டாத அந்தப் பொருளை அலுமினியத்தில் ஒட்டவைக்கும் வித்தையை 1950-களில் பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார் கண்டுபிடித்தார். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், அந்தப் புகை கூண்டுக் கிளியைக்கூடக் கொன்றுவிடும் என்பதெல்லாம் சரி. ஆனால் தவாவை வெறுமனே அடுப்பில் விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போனால்தான் அவ்வளவு சூடு ஏறும் என்பதையும், தயாரிப்பில் சேர்த்துவந்த பி.எஃப்.ஓ.ஏ. என்கிற ரசாயனத்தை அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2015-க்குள் கைவிட்டுவிட்டன என்பதையும் சொல்லமாட்டார். சொன்னால் கதையில் விறுவிறுப்புக் குறைந்துவிடும்.

அடுத்தது கொள்முதல். பாத்திரக்கடையில் போய்க் கம்பீரமாக “இரும்பு தோசைக்கல் ஒண்ணு” என்பார். கடைக்காரர் திருப்பிக் கேட்கிற ஒரே கேள்வியில் கம்பீரம் ஆட்டம் கண்டுவிடும்: “வார்ப்பா சார், தகடா?”

தகட்டுக் கல் லேசு, சீக்கிரம் காயும், விழுந்தால் நசுங்கும். வார்ப்பிரும்பு உருக்கி அச்சில் ஊற்றியது. அதில் கரி இரண்டு சதவீதத்துக்கு மேல் இருப்பதால் கடினம் ஜாஸ்தி, ஆனால் விழுந்தால் விண்டுபோகும். கொதிக்கிற கல்லில் பச்சைத் தண்ணீரைக் கவிழ்த்தாலும் விரிசல் விடலாம். இரும்புச்சட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கனமானதைத்தான் எடுப்பார். மூன்று கிலோ. வீட்டுக்கு வரும் வழியிலேயே பையின் காது அறுந்துவிடும்.

கனத்துக்கு நியாயம் சொல்லச் சரித்திரத்தைக் கூப்பிடுவார். “தமிழன் 5,300 வருஷத்துக்கு முன்னாடியே இரும்பு உருக்கினவன். சிவகளையில தோண்டி எடுத்திருக்காங்க தெரியுமா?” 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை அந்தக் காலத்தைத்தான் சொல்கிறது. ஆனால் பழைய இரும்பு உலையில் இரும்பு குழம்பாக ஓடுவதில்லை. கட்டியாகத் திரளும், அதைக் காய்ச்சி அடித்துத்தான் கத்தியும் ஈட்டியும் செய்தார்கள். உருக்கி வார்க்கிற வித்தையில் முந்திக்கொண்டவர்கள் சீனர்கள். இவர் கையிலிருக்கும் கல்லுக்குத் தாத்தா யார் என்று பார்த்தால் 1707-ல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்க உரிமம் வாங்கிய ஆபிரகாம் டார்பி என்கிற ஆங்கிலேயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதை அவரிடம் சொல்லிவிட்டுத் தப்பித்து வந்தவர் யாருமில்லை.

கல் வந்தாயிற்று, இனிப் பழக்க வேண்டும். ஊர்ப்பக்கத்து முறை எளிது. அரிசி களைந்த தண்ணீரையோ வடித்த கஞ்சியையோ ஊற்றி ஊறப் போட்டு, தினம் மாற்றி, தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி வைப்பார்கள். பிறகு நாலு நாள் அதில் வெங்காயம் வதக்கினால் கல் வழிக்கு வந்துவிடும். இரும்புச்சட்டிக்காரருக்கு இதில் அறிவியல் போதாது. பிள்ளைக்குக் கேக் செய்ய வாங்கிய ஓ.டி.ஜி. அடுப்பில் கல்லைக் குப்புறக் கவிழ்த்து, 230 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி எண்ணெய், மறுபடி சூடு என்று ஆறு சுற்று. நல்லெண்ணெயும் ஆகாதாம், ஆளிவிதை எண்ணெய் வரவழைப்பார். அது பளிங்காட்டம் இறுகும் என்பது வாஸ்தவம். கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரியும் என்பதும் வாஸ்தவம்.

நடப்பது மந்திரமொன்றும் இல்லை. எண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகைகிற அளவுக்குக் காய்ச்சினால் கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மரத்துக்குப் பூசிய வார்னிஷ் போல இறுகிப்போகும். மெல்லிசாக என்பதுதான் முக்கியம். தடவிய எண்ணெயைத் துணியால் மொத்தமாகத் துடைத்தெடுத்தாற்போல் இருக்க வேண்டும். பக்திமானுக்கு எண்ணெயில் சிக்கனம் பார்க்க மனசு வராது. தாராளமாகப் பூசுவார். கல் முழுக்கப் பிசுக்குப் பிடித்துக்கொள்ளும். வீடு முழுக்கப் புகை. கீழே இருந்து செக்யூரிட்டி ஓடிவந்து, “சார், ஏதாச்சும் தீயுதா?” என்று கேட்டதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள்.

முதல் தோசை கல்லுக்கு என்பார்கள். இவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும்கூடக் கல்லுக்கே. நாலாவதைத் தோசை உப்புமா என்று பெயர் மாற்றிப் பிள்ளைகளுக்குப் போட்டார். வார்ப்பிரும்பில் சூடு பரவும் வேகம் அலுமினியத்தில் கால்வாசிகூட இல்லை. அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் நடுவில் கருகும், ஓரத்தில் மாவு மாவாகவே இருக்கும். சிறுதீயில் எட்டுப் பத்து நிமிஷம் நிதானமாகக் காயவிட வேண்டும். பொறுமை இல்லாத இவர் சுட்டிப் பிடித்தால் சூட்டைக் காட்டும் துப்பாக்கி ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். அது கல்லின் நடுவில் ஒரு எண்ணும் ஓரத்தில் வேறொரு எண்ணும் காட்ட, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து கையால் தண்ணீர் தெளித்தார். சொட்டுகள் முத்து முத்தாக உருண்டோடின. “ரொம்பக் காஞ்சிடுச்சுங்க” என்று தீயைக் குறைத்து, இன்னொரு தரம் தெளித்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து மாவை ஊற்றினார். தோசை வட்டமாக எழுந்து வந்தது.

“இதுக்குப் பேர் லைடன்ஃப்ராஸ்ட் விளைவு. 1756-லயே ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சிருக்கார்,” என்றார் இரும்புச்சட்டிக்காரர், வெற்றி தன்னுடையது என்கிற தொனியில்.

அதன்பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் சட்டதிட்டங்கள் ஒட்டப்பட்டன. சோப்பு கூடாது. சப்பாத்தி கூடாது. புளி, தக்காளி, எலுமிச்சை நிழல்கூடப் படக்கூடாது. ஈரத்தோடு வைக்கக் கூடாது. கரண்டி மரத்தில்தான் இருக்க வேண்டும். இதில் சப்பாத்தி விஷயம் தமிழ்நாட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்ததுதான்; எண்ணெயில்லாமல் காய்கிற கல்லில் உதிர்ந்த மாவு கருகி, பழகிய படலம் கெட்டு, மறுநாள் தோசை முரண்டு பிடிக்கும். சோப்புத் தடை மட்டும் பழைய கணக்கு. அந்தக் காலச் சோப்பில் காரம் தூக்கல், படலத்தை அரித்துவிடும். இன்றைய பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு அலசி உடனே அடுப்பில் காயவைத்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

ஃப்ரிட்ஜில் ஒட்டிய சட்டத்தை, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவர், மேடைமேல் வெள்ளி நிறத்தில் ஏதோ மின்னுவதைப் பார்த்தார். கம்பி நாரைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா பெருமையாக நின்றார். “சார், எத்தினி வருஷத்துக் கரியோ, அப்படி அப்பிக்கினு கெடந்துச்சு. ஒன்றவரு தேச்சேன். இப்பப் பாருங்க புதுசாட்டம்!” இரும்புச்சட்டிக்காரர் சோபாவில் உட்கார்ந்தார். ஈரம் துடைக்காத கல்லில் ராத்திரிக்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்துவிட்டது. கல்லுப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து எண்ணெய் தடவினால் தீர்ந்துபோகிற சமாசாரம். ஆனால் அவர் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இவ்வளவு பாடும் ரத்தத்துக்காக என்பார். குடும்பநல ஆய்வுப் புள்ளிவிவரம் நுனிநாக்கில் இருக்கும்: 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இவர் ஆண், ஹீமோகுளோபின் 15. ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரைப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும். பெண்களுக்கு 29 தேவை. வேடிக்கை அதில்கூட இல்லை. இரும்பு உணவில் இறங்க வேண்டுமென்றால் புளிப்பும் ஈரமும் நேரமும் வேண்டும். 1986-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் வார்ப்பிரும்பில் வேகவைத்த ஆப்பிள் கூழில் இரும்புச்சத்து 100 கிராமுக்கு 0.35 மில்லிகிராமிலிருந்து 7.38-க்கு ஏறியது. சட்டென்று வெந்து எழுகிற தோசையில் அவ்வளவு எங்கே இறங்கும்? புளிக்குழம்பில்தான் இறங்கும். அந்தப் புளிக்குழம்பைத்தான் ஃப்ரிட்ஜ் கதவில் தடை செய்து வைத்திருக்கிறார். கல் காப்பாற்றப்பட்டது, ரத்தத்தைப் பற்றிப் பேச்சு மட்டும்தான்.

கோடை விடுமுறைக்கு மாமியார் காரைக்குடியிலிருந்து வந்தார். அங்கே அவர் வைத்திருக்கும் கல்லுக்கு அவர் மகளைவிட வயது அதிகம். யாரும் அதைப் பழக்கியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. தினம் தோசை ஊற்றுவார், துணியால் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைப்பார், அவ்வளவுதான். மாப்பிள்ளை மெத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்த கல்லை எடுத்துப் பார்த்தார்.

“இது என்ன மாப்பிள்ளை, சமைக்கிறதுக்கா, சாமி ரூம்ல வைக்கிறதுக்கா?”

அன்றைக்கே வாழைப்பூவை அந்த வீட்டு இரும்பு வாணலியில் வதக்கினார். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறி மையாகக் கறுத்துவிட்டது. “கறுத்தா என்ன, சாப்பிடுங்க” என்றார். எல்லோரும் சாப்பிட்டார்கள். வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் ராத்திரி வரைக்கும் அதிலேயே விட்டிருந்தால் வாயில் இரும்பு வாடை அடித்திருக்கும். அது அவருக்குத் தெரியும். சமைத்த கையோடு மாற்றிவிட்டார். இரும்புச்சட்டிக்காரர் மடமடவென்று போனில் குறித்துக்கொண்டார்.

சும்மா இருந்திருக்கலாம். ரசம் வைக்கும்போது மாமியார் வாய்தவறி, “வீட்டுல ஈயச்சொம்பு இல்லையாத்தா?” என்று மகளிடம் கேட்டுவிட்டார். மறுநாள் மதியமே சொம்பு வந்து இறங்கியது, கூடவே வெள்ளீயத்தின் பெருமை பற்றி முழு நீளச் சொற்பொழிவு. சாயங்காலம் பெண்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். புதுப் பாத்திரமென்றால் முதலில் பழக்க வேண்டுமே. இரும்புச்சட்டிக்காரர் சொம்பின் உள்ளே நல்லெண்ணெய் தடவி, வெறுமனே அடுப்பில் ஏற்றி, தீயைக் கூட்டினார். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கிற வரைக்கும் அது நூறைத் தாண்டவிடாமல் காப்பாற்றும்; அதனால்தான் காலங்காலமாகப் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு அப்புறம் அடுப்பில் வைக்கிறார்கள்.

கோயிலிலிருந்து திரும்பியபோது சொம்பின் அடிப்பாகம் பர்னருக்குள் வழிந்து குளமாக நின்றிருந்தது. மாமியார் கத்தி முனையால் நெம்பிப் பார்த்துவிட்டு, “பாத்திரக்கடையில எடைக்கு எடுத்துப்பாக, விடுங்க மாப்பிள்ளை” என்று ஆறுதல் சொன்னார். மாப்பிள்ளை அதற்குள் போனில் கல்சட்டி விலை பார்க்கத் தொடங்கியிருந்தார்.

“என்னங்க, அதையும் பழக்கணுமா?” என்றார் மனைவி.

“பின்னே? ஒரு வாரம் கஞ்சியில ஊறவச்சு, மஞ்சளும் எண்ணெயும் தடவி...”

மாமியார் மகளைச் சமையலறை ஓரமாகக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை காரைக்குடி பஸ்ஸில் ஒரு சீட்டு போட்டுவிடச் சொன்னார்.