மெலம்பஸ் நத்தையின் இருப்பிடச் சான்று: ஓர் ஆய்வு

மெலம்பஸ் பைடென்டேட்டஸ் என்பது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோர உப்புச் சதுப்புகளில் வாழும் பழுப்பு நத்தை. முழுதாக வளர்ந்தாலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். 1822இல் தாமஸ் சே இதற்குப் பெயர் சூட்டினார். பெயர் கிடைத்துவிட்டது, இருப்பிடச் சான்றைக் கடல் தாலுகாவில் வாங்குவதா, தரைத் தாலுகாவில் வாங்குவதா என்ற வழக்கு மட்டும் பாக்கி.

தரைக் கட்சியாரின் வாதம் வலுவானது. மனுதாரருக்குச் செவுள் கிடையாது. ஓட்டுக்குள் இருக்கும் குழியே நுரையீரல்; சுவாசிப்பது காற்று. சதுப்பின் மேட்டில், புல்லடி ஈரத்தில் பதுங்கி, மக்கிய குப்பையைத் தின்கிறார். பெருக்கு வந்தால் புல் தண்டைப் பிடித்து மேலே ஏறிவிடுகிறார். தண்ணீரைக் கண்டு ஓடுகிற ஒருவரைக் கடல்வாசி என்று எழுத எந்த வி.ஏ.ஓ.வும் துணியமாட்டார். (கீழே நின்றால் சதுப்புக்குள் நுழையும் கில்லி மீன்கள் விழுங்கிவிடும் என்பதையும் கருணையோடு கணக்கில் கொள்க.)

கடல் கட்சியார் நீட்டுவது ஒரே ஓர் ஆவணம்: பிறப்புச் சான்று. அதில் தகப்பன் பெயரை நிரப்ப வழியில்லை, ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாயிற்றே. தேதியோ துல்லியம். கோடைத் தொடக்கத்தில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரும் பெருக்கு நாட்களில், வழவழத்த பொதிக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். சுமார் இரண்டு வாரம் கழித்து அடுத்த பெரும் பெருக்கு தொடும்போது பொரிகின்றன. வெளிவருவது நீந்தும் லார்வா. தலைப்பக்கம் விரிந்த இரு மடல்களில் நுண்ணிழைகள் துடிக்க, சில வாரம் கடல்நீரில் திரிந்துவிட்டு, பிறகே மேட்டில் கரையேறும். கேப் காடில் உள்ள லிட்டில் சிப்பெவிசெட் சதுப்பில் ரஸ்ஸல் ஹன்டர் குழுவினர் இந்தத் திதிக் கணக்கை ஆராய்ந்து 1972இல் வெளியிட்டனர். பஞ்சாங்கம் பார்க்காமலேயே இத்தனை கறார்!

பட்டணத்தில் குடியேறிவிட்டு, பிள்ளைகளை ஆத்தா ஊரில் விட்டு வளர்க்கும் குடும்பம் இது. குடும்ப அட்டை பட்டணத்தில்தானே இருக்கும்? எனவே தரைவாசி என்றே சான்று வழங்கலாம். பிறப்பிடம் கடல் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு போதும்.

முத்திரை குத்தும் நேரத்தில் ஓர் ஆட்சேபணை வந்து சேர்ந்தது. 2010இல் வெளியான மரபணு ஆய்வின்படி, இந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருப்பவை மூன்று தனி இனங்கள். ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. மூவரும் தனித்தனியே விண்ணப்பிக்கவும்.