காம்பிட் இலக்கணம்: சிப்பாய்க் கொடையும் அதன்பின் நிகழும் உலாவும்

சதுரங்க ஆட்டத்தின் முதற்சில நகர்த்தல்களைத் தொடக்கம் என்றும், அத்தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயையோ அதனினும் பெரிய காயையோ எதிராளிக்கு இரையாக நீட்டி, அவர் அதை விழுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் தன் படையை விரைந்து வெளிக்கொணர்ந்து அவருடைய ராஜாவைத் தாக்க முயலும் முறையைக் காம்பிட் என்றும் வழங்குவர். இத்தாலிய மொழியில் காலை இடறிவிடுதலைக் குறித்த சொல்லிலிருந்து இது பிறந்தது என்பதும், ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-இல் வெளியிட்ட நூலில் இதை ஆட்டத்துக்குரிய சொல்லாக ஆண்டார் என்பதும் பலரும் ஒப்பிய செய்திகள். ‘காம்பு இட்டு’ என்னும் செந்தமிழ்த் தொடரே கடல் கடந்து காம்பிட் ஆயிற்று என நிறுவும் நூல் இன்னும் வெளிவராமைக்குக் காரணம் அச்சுக்கூலி ஏறியதே அன்றிப் புலமைக் குறைவு அன்று.

இக்கொடை ஈகையாகுமா எனின், ஆகாது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனையவை குறியெதிர்ப்பை, அதாவது வாங்கிய அளவே திருப்பித் தரவேண்டிய கைம்மாற்று, என வள்ளுவர் பிரித்துவிட்டார்; 16 காய்களும் குறையாமல் அமர்ந்திருக்கும் எதிராளி எவ்வகையாலும் வறியவர் ஆகார். ராணி காம்பிட் இவ்விலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவது. அதில் கொடுத்த சிப்பாயை வெள்ளை பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். 1927-இல் புவெனஸ் ஐரிஸில் காபாபிளாங்காவும் அலெகைனும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32-இல் இக்கைம்மாற்று நீட்டப்பட்டு, ஏற்கப்படாமலே போனமையால், கடனுக்கு அஞ்சும் குணம் பெருவீரர்க்கும் உண்டு என்பது பெறப்படும்.

வகைகளைக் கூறப்புகின், சதுரங்கத் தொடக்கங்களின் கலைக்களஞ்சியம் ஏ00 முதல் ஈ99 வரை 500 குறியீடுகள் வகுத்துத் தந்திருப்பதால், ஆடத் தெரியாதவரும் இத்துறையில் அறிஞராக விளங்க வழி பிறந்துள்ளது. டேனிஷ் காம்பிட்: இரண்டு சிப்பாய், அவ்வளவே. லாட்விய காம்பிட்: ஆடியவர்களே பேச விரும்புவதில்லை. ஸ்டைனிட்ஸ் காம்பிட்டில் எதிரி ராணி செக் வைக்க, வெள்ளை ராஜா ஐந்தாம் நகர்த்தலிலேயே ஈ2 கட்டத்துக்கு நடந்து வருவார். இதை வகுத்தவர் 1886-இல் முதல் உலக வாகையர் ஆனவர் என்பதால் இது கோட்பாடு எனப்படும், பள்ளி மாணவன் செய்தால் பிழை எனப்படும். ஆண்டர்சன் 1851-இல் லண்டனில் ராணியையும் இரு யானைகளையும் ஒரு மந்திரியையும் கொடுத்துக் கீசரிட்ஸ்கியை வென்ற புகழ்பெற்ற ராஜா காம்பிட் ஆட்டம், போட்டிக்குப் புறம்பாகப் பொழுதுபோக்காக ஆடப்பட்டமையின், இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. சுவையானதை வெளியே நிறுத்துவதற்கே ஆய்வுகளுக்கு எல்லை வகுக்கப்படுகிறது.

இனி, முன்னை ஆசிரியர் எவரும் தொடாத பகுதியாகிய உலாவியல். காயைப் பலியிட்டவர் கடிகாரத்தை அழுத்தி, நகர்த்தலைத் தாளில் எழுதி, பேனாவை மூடி, உடனே நாற்காலியை விட்டு எழுந்து, கைகளைப் பின்னே கட்டியவாறு அரங்கைச் சுற்றி வருவார், இதுவே உலா. தலைவன் வீதியில் வர ஏழு பருவ மகளிரும் கண்டு மயங்குவது உலா இலக்கியத்தின் மரபு ஆதலின், ஈண்டும் காண்போர் ஏழு பருவத்தர் எனக் கொள்க. பேதைப் பருவத்தார் ஏழு வயதுக்கு உட்பட்ட பிரிவில் ஆடும் சிறார். அவர்கள் தலைவனைக் காண்பதில்லை, அம்மா வாசலில் நிற்கிறாரா என்றே காண்பர். பேரிளம் பருவத்தார் ஓய்வூதியம் பெறுவோர். தம் கடிகாரம் ஓடுவதையும் மறந்து வந்து பலகையை நோக்கி, உதட்டைப் பிதுக்கி மீள்வர். இடைப்பட்ட ஐவரும் மயங்குவது போலக் காட்டி, சிப்பாய் போயிற்று என்று தம்முள் மகிழ்வர்.

உலா வலம் வருவதா இடம் வருவதா என்பதில் உரைகாரர் மாறுபடுவர். வலமே என்பது வென்றோர் உரை. தோற்றோர் உரை, உலாவே நிகழவில்லை, தண்ணீர் குடிக்கச் சென்றதே என்னும். வேடிக்கை பார்த்தோர் உரையின் மூன்றாம் படியிலோ, தேநீர்க் கறை படிந்த ஓரத்துக்குக் கீழே, வேறொரு கையெழுத்தில், பிற்காலத்து மையால், ‘தூணுக்கு அப்பால் தெரியவில்லை’ என்று காணப்படுகிறது. இது இடைச்செருகல் என்பாரும், நூலில் உண்மையான பகுதி இது ஒன்றே என்பாரும் உளர்.

காம்பிட் செல்லாது என நிறுவிய அறிஞருள் தலையாயவர் பாபி ஃபிஷர். 1960-இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கியின் ராஜா காம்பிட்டுக்குத் தோற்ற அவர், 1961-இல் அத்தொடக்கமே உடைந்தது எனக் கட்டுரை வரைந்து, 1963-இல் அமெரிக்க வாகையர் போட்டியில் தாமே அதை ஆடி லாரி எவன்ஸை வென்றார். தம் ஆய்வுமுடிவைத் தாமே பொருட்படுத்தாத இத்துணிவு பல்கலைக்கழகங்களில் அரிது.

எவன்ஸ் என்னும் பெயரால் வழங்கும் காம்பிட் அவருடையது அன்று. 1820-களில் வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் வில்லியம் டேவிஸ் எவன்ஸ் கண்டது. நான்காம் நகர்த்தலில் பி4 கட்டத்தில் சிப்பாயை நீட்டும் இது அருங்காட்சியகத்துக்கு உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1995-இல் ரிகாவில் காஸ்பரோவ் இதை நீட்ட, சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் அச்சிப்பாயை எடுத்து, 25 நகர்த்தல்களில் தோற்றார்.