மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்: மும்பைத் தமிழ் ஆடவர் வழுக்கை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: மாட்டுங்கா, செம்பூர், தாராவி. ஆய்வுக் கருவி: சண்முகானந்தா அரங்கின் பால்கனி இருக்கை. பால்கனி டிக்கெட் வாங்குகிறவனைச் சிக்கனக்காரன் என்று நினைக்கிறார்கள். நடுவயதுத் தமிழ் உச்சந்தலைகளை ஒருசேர மேலிருந்து பார்க்க இந்த நகரத்தில் வேறு நல்ல இடம் கிடையாது. கச்சேரி தொடங்கிய பின்னும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தோம். பாடகர் தோடியை எடுத்ததும் கணக்கு தப்பிவிட்டது. ஆகவே இக்கட்டுரையில் புள்ளிவிவரம் இல்லை.

வகைப்பாட்டில் அமெரிக்கர்கள் முந்திக்கொண்டார்கள். ஹாமில்டன் 1951-இல் வழுக்கையைப் படிகளாகப் பிரித்தார். நார்வுட் 1975-இல் அதைத் திருத்தி ஏழு வகையாக்கினார். மாட்டுங்காவுக்கு நான்கே போதும்: பெண் பார்க்கும் பருவத்தில் ‘நெத்தி கொஞ்சம் அகலம்’, முதல் குழந்தைக்குப் பின் ‘ஏறு நெற்றி’, வீட்டுக் கடனோடு ‘சொட்டை’, கடைசியாக ஆபீஸ் இந்திக்காரர்கள் சூட்டும் ‘டக்லா’. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நார்வுட் கவனிக்காத ஓர் உட்பிரிவு உண்டு. இடது காதோரம் நீளமாக வளர்த்த பத்துப் பதினைந்து இழையை எண்ணெய் தடவி வலது காது வரை கொண்டுவந்து படியவைப்பவர்கள் இவர்கள். ஹார்பர் லைன் வண்டியில் சூனாபட்டி தாண்டியதும் வாசலோரம் நிற்கும் இவர்களைக் கவனியுங்கள். காற்றில் அந்தக் கற்றை ஒரே துண்டாக எழுந்து நிற்கும். வலது கை கம்பியை விடாது, இடது கை தலையை விடாது. பர்ஸ் பற்றிக் கவலைப்படுவார் யாருமில்லை.

இனி, காரணங்கள். “பம்பாய்த் தண்ணி ஒத்துக்கலை” என்பது முதல் கருதுகோள். செம்பூர் மாமிகள் இதில் ஒருமனதாக இருக்கிறார்கள். ஆனால் மாநகராட்சிக் குழாயில் வருவது தான்சா, வைதரணா, பாட்சா ஏரித் தண்ணீர். தாமிரபரணியிலேயே முங்கி வளர்ந்து, திருநெல்வேலியை விட்டு நகராதவர்களின் தலையும் அதே வேகத்தில் சொட்டையாகியிருப்பதை எந்த மாமியும் விளக்கியதில்லை. 2025 ஜனவரியில் புல்டாணா மாவட்டத்துக் கிராமங்களில் ஆண், பெண் பாராமல் சில நாட்களிலேயே முடி கொட்டியபோதும் முதலில் தண்ணீரைத்தான் பிடித்தார்கள். பிறகு சந்தேகம் ரேஷன் கோதுமையிலிருந்த செலினியத்தின் மேல் போயிற்று. அது வேறு வியாதி, திடீரென்று வருவது. நம்முடையது நிதானமானது, பரம்பரையாக வருவது.

ஹெல்மெட், ஷாம்பு, கண் விழிப்பு ஆகியவற்றை ஒரே வரியில் தள்ளுபடி செய்கிறோம். உண்மைக் குற்றவாளி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், சுருக்கமாக டிஎச்டி. ஆண்மைக்கான சுரப்பிலிருந்து உண்டாகும் இது, முன்தலை, உச்சந்தலை முடிவேர்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. நாளுக்கு ஐம்பது முதல் நூறு உதிர்வது எல்லாருக்கும் வழக்கம்தான். உதிர்ந்த இடத்தில் முன்னைவிட மெலிந்தது முளைக்க ஆரம்பிப்பதுதான் வழுக்கை. இந்தச் சங்கதிக்குப் பொறுப்பான மரபணுக்களில் முக்கியமான ஒன்று எக்ஸ் குரோமோசோமில், அதாவது தாய்வழியில் வருகிறது. தாய்மாமன் சீரில் இதுவும் சேர்த்தி என்று தெரியாமல்தான் மாமன் மடியில் உட்காரவைத்துக் குழந்தைக்கு மொட்டை போடுகிறோம். (அப்பாவும் தப்ப முடியாது, அவர் பங்குக்கும் மரபணுக்கள் உண்டு.)

சிகிச்சைக்கு வருவோம். தாராவி இந்த விஷயத்தில் தலைகீழ்ப் பெருமை உடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் ஊறவைத்தால் தோலிலிருந்து முடி சுத்தமாகக் கழன்றுவிடும். முடியை எடுக்கும் வித்தை அங்கே எப்போதோ முழுமை பெற்றுவிட்டது. வளர்க்கும் வித்தைக்குத்தான் கரிசலாங்கண்ணி, சின்ன வெங்காயச் சாறு என்று வீடே மணக்கிறது. மணப்பதோடு சரி.

மருத்துவம் ஒப்புக்கொண்ட மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. இரண்டுமே வேறு வேலைக்கு வந்தவை. மினாக்சிடில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததால் தலையில் தடவும் மருந்தாகி 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபினாஸ்டரைடு புராஸ்டேட் வீக்கத்துக்கானது. 1997-இல் தலைக்கு வந்தது, சிலருக்குத் தாம்பத்தியத்தில் தொந்தரவு தரும், டாக்டரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். எல்.ஐ.சி. பிரீமியம் மாதிரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மிச்சம் அறுவை சிகிச்சை. 1952-இல் நியூயார்க்கில் டாக்டர் நார்மன் ஓரண்ட்ரைக் ஓர் உண்மையைக் கண்டார். பின்தலை முடியை டிஎச்டி அசைப்பதில்லை; அதைப் பெயர்த்து முன்தலையில் நட்டாலும் பிறந்த இடத்துக் குணத்தை விடுவதில்லை. இதை நிரூபிக்க அவர் நியூயார்க்கில் இத்தனை சிரமப்பட்டிருக்க வேண்டாம். தாராவியில் மூன்றாம் தலைமுறையாகக் குடியிருப்பவர் “ஏலே” என்று கூப்பிடுவதைக் கேட்டிருந்தால் போதும். ஆனால் புது முடி எதுவும் உண்டாவதில்லை, உள்ளது இடம் மாறுகிறது, அவ்வளவே. பின்தலைக் கையிருப்பு போதாதவர்களுக்குத் தாடி, மார்பு, ஏன், கால் முடியைக்கூட எடுத்து நடுகிறார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று சொன்ன பெரியவர்கள் இந்த முன்னேற்றத்தை எதிர்பார்க்கவில்லை.

நட்ட முடி சில வாரங்களில் கொட்டும். பயப்பட வேண்டாம், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருஷம்.

இத்தனை பாடு எதற்கு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தாராவித் தலைவர்கள் இருவரைத் தமிழ் சினிமா தந்திருக்கிறது. 1987-இல் ‘நாயகன்’ வேலு நாயக்கருக்கு வயதாக வயதாக நெற்றி ஏறியது, மரியாதை குறையவில்லை. 2018-இல் ‘காலா’வாகத் திரையில் தலைமுடியோடு வந்த ரஜினிகாந்த், வெளியே வழுக்கையை மறைக்காமல் நடமாடுகிறார், ரசிகர் யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. வழுக்கையை மறைப்பதற்காகச் செலவழித்துத் தலைவரானவர் ஒருவரும் எம் ஆய்வில் அகப்படவில்லை.

அப்படியும் செய்துகொள்வேன் என்பவருக்கு ஒரு வேண்டுகோள், இது மட்டும் விளையாட்டில்லை. 2019 மார்ச்சில் இதே மும்பையில் ஒரு வியாபாரி, ஒரே அமர்வில் ஆயிரக்கணக்கில் முடி நட்டுக்கொண்டு, இரண்டே நாளில் இறந்துபோனார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல், முறையாக அறுவைப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் இதைச் செய்யலாம், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறது. கத்தி பிடிப்பவர் யார், அவர் படிப்பு என்ன, அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்ற மூன்றையும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.