நிலா போடும் சிக்னல்

கேள்வி: லண்டன் நடுவிலேயே தேம்ஸ் ஓடுகிறது. நதியில் சிக்னல் இல்லை, நெரிசல் இல்லை. பிறகு ஏன் எல்லோரும் படகில் வேலைக்குப் போவதில்லை?

பதில்: சிக்னல் இருக்கிறது, போடுவது நிலா! நிலா இழுத்து எழும் கடல் ஓதத்தால் லண்டன் பாலத்தருகே தண்ணீர் நாளுக்கு இருமுறை 7 மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். அதனால் படகுத்துறையையே மிதக்க விட்டிருக்கிறார்கள். நீர் ஏறினால் பாலத்தில் தலை இடிக்கும். இறங்கினால் அடி தட்டும். வேகம் கூடினால் அலை எழும்பிக் கரையோரப் படகுகளை ஆட்டிவிடும் என்பதால் நகர மையத்தில் வேகக் கட்டுப்பாடு வேறு. ஆறோ வளைந்து போகும். சுரங்க ரயில் குறுக்கே புகுந்து முந்திவிடும். இத்தனையையும் சமாளித்து, 1999-இல் தொடங்கிய தேம்ஸ் கிளிப்பர்ஸ் படகுச் சேவை இன்றும் ஓடுகிறதே, அதன் படகோட்டிகளுக்கு என் சல்யூட். லண்டன் போனால் கிரீனிச்வரை அதிலேயே போய்வாருங்கள்.