ரைட்டுல ஒடிச்சாத்தான் சத்தமுங்க

பீளமேட்டில் ஒரு வண்டி சத்தம் போட்டால் வண்டிக்காரர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஊரே பதில் சொல்லும். எங்கள் வீதியில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பம்ப் கம்பெனிக்காரர் மேல் விழும். அவர் குனிந்துகொண்டால் பி.எஸ்.ஜி. டெக்கில் படித்தவர் மேல் விழும்.

அதிலும் அவினாசி ரோட்டில் சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தாலும் வைத்தார்கள், கார்களின் அந்தரங்கமெல்லாம் வெளியே வந்துவிட்டது. மேலே ஜி.டி. நாயுடு மேம்பாலம், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர், 2025 அக்டோபரில் திறந்தது. அதில் போகிறவர்கள் ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். எதிர்ச்சாரி மருந்துக்கடைக்குப் போக வேண்டிய எங்களைப் போன்றவர்கள்தான் தூண்களுக்கு நடுவே அதைக் கடைசிவரை ஒடித்தாக வேண்டும். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும்போது ஆக்சிலேட்டரையும் மிதிக்க வேண்டும்.

அப்படி மிதிக்கும்போதுதான் என் காரில் கடக், கடக், கடக். நேராகப் போனால் சத்தமே இல்லை. வலப்பக்கம் முழுசாக ஒடித்தால் மட்டும் வரும். ஸ்டியரிங்கில் லேசாக ஒரு நடுக்கமும் சேர்ந்து வரும்.

கார் என்னுடையது. ஓட்டுவதும் நான்தான். என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் வீதியில் எல்லோரும் காரணம் சொன்னது அவரிடம். "ஏனுங் தம்பி, வண்டி சத்தம் போடுதாட்ட இருக்குது? பேரிங் போச்சுங்க" என்றார் பம்ப் மாமா. ஃபவுண்டரி வைத்திருப்பவர், எங்கேயோ காஸ்டிங்கில் கீறல் விழுந்திருக்கிறது என்றார். மில்லில் ரிட்டயரான எதிர்வீட்டுப் பெரியவருக்கு எல்லாக் கேட்டுக்கும் ஒரே மூலகாரணம், எண்ணெய் வற்றிப் போனது. கிரைண்டர் கம்பெனிக்காரர் பெல்ட் என்றார். அவரவர் பிழைத்த தொழில் அவரவர் காதில் உட்கார்ந்திருக்கிறது. இவரும் ஏதோ டிபரன்ஷியலையே கழற்றிப் பார்த்தவர் போல ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

இத்தனைக்கும் ஒவ்வொரு காரணமும் ஏதோ ஒரு காருக்குப் பொருந்தும். வீல் பேரிங் போனால் ஊஊ என்று இரையும். வேகம் கூடக்கூட இரைச்சலும் கூடும். பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் குறைந்தால் கடைசிவரை ஒடிக்கும்போது பம்ப் முனகும், பெல்ட் தளர்ந்திருந்தால் கீச்சென்று கத்தும். நிறுத்திய இடத்திலேயே திருப்பும்போது ஸ்பிரிங் டொய்ங் என்று துள்ளினால் ஷாக் அப்சார்பர் மேல்மவுண்டைப் பார்க்க வேண்டும். எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் ஆடுகிறதா, முதலில் வீல் பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க். இந்தப் பட்டியலில் ஒன்றுகூட கடக் கடக் என்று சொல்லவில்லை என்பதுதான் என் கட்சி. என்னைக் கேட்டால்தானே?

ஹோப் காலேஜ் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் தம்பி காரணம் ஒன்றும் சொல்லவில்லை. காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னான். "கண்ணாடிய எறக்கி விடுங்க்கா. ரைட்டுல புல்லா ஒடிச்சு மெதுவா சுத்துங்க. இப்ப லெப்ட்டுல." நான் சுற்றச் சுற்ற, குனிந்தபடி கூடவே நடந்து வந்தான். வலப்பக்கம் கடக் கடக், இடப்பக்கம் மௌனம். நிறுத்தச் சொல்லி, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தான். விரல் பூராவும் மண்ணும் கிரீசும்.

"ஆக்சில் பூட்டு கிழிஞ்சிருக்குதுங்க்கா."

பூட்டு என்றால் கதவுப் பூட்டல்ல. மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறை. அதற்குள்தான் சி.வி. ஜாயின்ட். அம்பாசடரிலும் பத்மினியிலும் இழுப்பது பின்சக்கரம், ஆகவே முன்சக்கரத்துக்குத் திரும்பும் வேலை மட்டும்தான். 1983-இல் மாருதி 800 வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பத்துக் காரில் இழுக்கிற வேலையும் திரும்புகிற வேலையும் முன்சக்கரத்தின் தலையில் விழுந்தன. வளைந்துகொண்டே சுழல ஜாயின்ட்டுக்குள் பொதுவாக ஆறு குண்டுகள் ஓடுகின்றன. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், அவினாசி ரோட்டு மண் உள்ளே போகும், குண்டு ஓடும் தடம் தேயும். வலப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடது சக்கரத்தின் மேல் சாய்வதால் அழுவது பெரும்பாலும் இடது ஜாயின்ட்தான். சத்தம் தொடங்கும் முன் கண்டுபிடித்தால் உறையும் கிரீசும் மாற்றினால் தீர்ந்தது. சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும்.

மாற்றியாயிற்று. இப்போது வண்டி யூ-டர்னில் வாயே திறப்பதில்லை. வீதிக்குத்தான் அதில் ஏமாற்றம். கழற்றிய ஜாயின்ட்டை எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மண்ணெண்ணெயில் கழுவி, பேப்பர் விரித்து, குண்டுகளை வரிசையாக வைத்து, மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்தார். சாயங்காலம் கேட்டருகே வந்து, வழக்கம்போல என் தலைக்கு மேலே பார்த்து, "தம்பி இருக்குறாரா அம்மணி?" என்றார். குளிக்கிறார் என்றேன்.

"சரி, வந்தா சொல்லு கண்ணு. மெட்டீரியல் நல்ல மெட்டீரியல்தான். ஹீட் ட்ரீட்மென்ட்டுலதான் கோட்டை விட்டுருக்குறான். கணபதில நம்ம பையனொருத்தன் லேத்து வெச்சிருக்குறான். இன்னொரு பக்கமும் கழட்டிக் குடுத்தீங்கன்னா நாமளே ரெண்டு போட்டுப் பாத்தர்லாம்."